மூட்டைக்குள் இருக்கும் ஈரம்

(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் எழுதியது)

தானியத்துக்குப் பகையான எலியையும் வண்டையும் நாம் கண்ணாற் காண்கிறோம். எலிக்குப் பொறி வைக்கிறோம். வண்டுக்கு வேப்பிலையும் நொச்சியிலையும் இடுகிறோம். ஈரத்தை மட்டும் நாம் காண்பதில்லை. அது மூட்டையின் மேற்புறத்தில் இருந்தால் காற்றிலும் வெயிலிலும் போய்விடும். மூட்டையின் நடுவிலோ, அடுக்கின் அடித்தட்டிலோ இருந்தால், நாற்றமாக வெளிப்படும் வரையில் அதனை அறிய வழியில்லை. நாற்றம் வந்தபின் அறிந்தும் பயனில்லை. இந்த ஈரத்தை மூட்டையைப் பிரிக்காமலும் குத்தாமலும், பாட்டரி ஏதுமில்லாத ஒரு மெல்லிய வில்லையின் மூலம், சற்றுத் தள்ளி நின்றபடியே அறியலாம் என்று இப்போது சொல்லப்படுகிறது. அதில் உண்மை எவ்வளவு, நமது பஞ்சாயத்துக்களுக்கும் விவசாயிகளுக்கும் அதனால் ஆகக்கூடியது எது, ஆகாதது எது என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் அலுவல் பார்ப்பது கிராமங்கள் அடங்கிய ஒரு வட்டாரத்தில். நமது குடும்பம் இருப்பது சென்னை ராயப்பேட்டையில். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழையைக் கொட்டியபோது, எங்கள் தெருவிலிருந்த அரிசிக் கடைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் புகுந்தது. கடைக்கார அண்ணாச்சி மூட்டைகளைத் தரையோடு தரையாக வைக்கிறவர் அல்லர். பலகை போட்டுத்தான் அடுக்கியிருந்தார். தண்ணீர் பலகையை எட்டிப் பார்த்துவிட்டு மறுநாள் வடிந்துவிட்டது. அவர் தரையைத் துடைத்தார், மின்விசிறியை ஓடவிட்டார், அடி மூட்டைகளைத் தடவிப் பார்த்தார். மேல் சாக்கு உலர்ந்திருந்தது. குத்தூசியால் இரண்டொரு மூட்டைகளைக் குத்தி அரிசியை உள்ளங்கையில் இட்டுப் பார்த்தார். அதிலும் குறை தெரியவில்லை. பொங்கலுக்கு முன்னே கடையில் ஒரு புழுக்க நாற்றம் எழுந்தது. அடுக்கைப் பிரித்தபோது, அடித்தட்டில் சுவரோரமாக இருந்த நான்கு மூட்டைகளின் கீழ்ப்பாதி கட்டி கட்டியாகக் கறுத்துப் போயிருந்தது. "குத்தின இடத்திலே நல்லாத்தான் இருந்தது, சார், குத்தாத இடத்திலே கெட்டிருக்கிறது" என்றார் அவர்.

நான்கு மூட்டை அரிசி போனால் ஒரு கடைக்காரர் அதைத் தாங்கிக்கொள்வார். அதே விஷயம் காவிரிப் பாசனப் பகுதியில் ஒரு குடியானவருக்கு நேரும்போது, ஆறு மாத உழைப்பே தெருவில் நிற்கிறது. குறுவை அறுவடை செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் வருகிறது. வடகிழக்குப் பருவமழையும் அக்டோபரில்தான் வருகிறது. அறுவடை இயந்திரத்திலிருந்து இறங்கும் நெல்லில் 20 சதவீதத்துக்கு மேலும் ஈரம் இருப்பது சகஜம். தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடிக் கொள்முதல் நிலையங்களில் வாங்கப்படும் நெல்லுக்கு மத்திய சர்க்கார் விதித்துள்ள வரம்போ 17 சதவீதம். மழை மிகுந்த ஆண்டுகளில் இவ்வரம்பைத் தளர்த்துவது உண்டு. 2022-ஆம் ஆண்டுக் குறுவையின்போது 19 சதவீதம் வரையில் வாங்க அனுமதி கிடைத்தது. ஆயினும் அனுமதி வரும் வரையில் நெல் குவியலாகச் சாலையோரத்திலும் களத்திலும் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்க வேண்டியதுதான்.

இந்தச் சதவீதக் கணக்கை விவசாயிகள் ஒருமுறை தாமே போட்டுப் பார்ப்பது நல்லது. 100 கிலோ நெல்லில் ஈரம் 20 சதவீதம் என்றால், அதில் 20 கிலோ தண்ணீர், 80 கிலோ உலர்ந்த பொருள். அதைக் காயவைத்து 17 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் உலர்ந்த பொருள் அதே 80 கிலோதான். மொத்த எடை மட்டும் ஏறக்குறைய 96 கிலோ 400 கிராமாக இறங்கிவிடும். அதாவது, 3 சதவீதம் குறைப்பதற்கு 3 கிலோவுக்கும் அதிகமாகவே நீர் போக வேண்டும். கொள்முதல் நிலையத்தில் கட்டப்படும் 40 கிலோ சிப்பம் ஒன்றில், 17 சதவீதம் என்று ஒப்புக்கொள்ளப்பட்ட நெல்லிலேயே 6 கிலோ 800 கிராம் தண்ணீர் இருக்கிறது. நாம் காய்ந்த நெல் என்று சொல்வதிலும் ஒரு குடத்தில் பாதியளவு நீர் ஒளிந்திருக்கிறது என்பதை நினைவில் வைத்தால், மேலே சொல்லப்போவது எளிதில் விளங்கும்.

நெல்மணி உயிருள்ள பொருள். அது மூச்சு விடுகிறது. மூச்சு விடும்போது சூட்டையும் கொஞ்சம் ஈரத்தையும் வெளியிடுகிறது. உலர்ந்த மணியில் இந்த மூச்சு மிகவும் மெதுவாக நடக்கும். ஈரம் மிகுந்தால் மூச்சும் வேகமாகும். குவியலின் நடுவே சூடு ஏறும். அந்தச் சூட்டிலும் ஈரத்திலும் பூஞ்சணம் பற்றிக்கொள்ளும். பூஞ்சணமும் தன் பங்குக்குச் சூட்டையும் ஈரத்தையும் கூட்டும். ஆகவே ஓரிடத்தில் தொடங்கிய கேடு தானே தன்னை வளர்த்துக்கொண்டு போகிறது. நெடுநாள் சேமிப்புக்கு ஈரம் 14 சதவீதத்துக்குள்ளும், சான்று பெற்ற நெல் விதையில் 13 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும் என்று விதித்திருப்பது இதனாலேயே.

தஞ்சைத் தரணிக்கு இது புதிய தொல்லை அன்று. 1967-ஆம் ஆண்டில், திருவாரூரில் கூட்டுறவு நவீன அரிசி ஆலையோடு சேர்ந்து ஒரு சிறு ஆராய்ச்சிக்கூடம் ஏற்பட்டதற்கே, மழையில் அகப்பட்ட ஈர நெல்லை என்ன செய்வது என்ற கேள்விதான் காரணம். 1972-இல் அது நெல் பதனிடும் ஆராய்ச்சி நிலையமாக வளர்ந்தது. பின்னர் தஞ்சாவூருக்கு இடம் பெயர்ந்து, 2021 முதல் தேசிய உணவுத் தொழில்நுட்ப, தொழில்முனைவு மற்றும் மேலாண்மை நிறுவனம் என்ற பெரிய பெயரோடு விளங்குகிறது. கேள்வி மட்டும் இன்னும் பழைய கேள்வியாகவே இருக்கிறது.

ஈரத்தை அறிவதற்கு நம் முன்னோர் கையாண்ட முறைகள் இன்றும் வழக்கில் உள்ளன. குவியலுக்குள் முழங்கை வரையில் கையை விட்டுச் சூடு பார்ப்பர். மணியைப் பல்லில் வைத்துக் கடித்து, நறுக்கென்று உடைகிறதா நசுங்குகிறதா என்று பார்ப்பர். முறத்திலிருந்து கொட்டும்போது எழும் சலசலப்பைக் கேட்பர். அனுபவம் மிகுந்த ஒருவரின் பல், சில மீட்டர்களைவிடச் சரியாகச் சொல்வதை நாம் கண்டிருக்கிறோம். ஆனால் பல்லின் தீர்ப்பைக் கொள்முதல் நிலையத்தில் எழுதிக்கொள்ள மாட்டார்கள். அங்கே ஈரமானியில் ஒரு பிடி நெல்லை இடுகிறார்கள். நெல்லின் மின் தன்மையை அளந்து அது சதவீதத்தைக் காட்டுகிறது. நல்ல கருவிதான். ஆயினும் அது அந்த ஒரு பிடி நெல்லைப் பற்றி மட்டுமே பேசுகிறது. மற்ற 39 கிலோ சொச்சத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. இன்றைக்கு அளந்ததை நாளைக்கு, நாளன்றைக்கு, ஒரு மாதம் கழித்து மீண்டும் அளந்துகொண்டிருக்கவும் ஒருவராலும் ஆகாது. வில்லை வேண்டப்படுவது இந்த இடத்திலேதான்.

பாட்டரி இல்லாத வானொலி வில்லையை நாம் ஏற்கெனவே அறிவோம். காரின் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பாஸ்டேக் அதுவே. 2021 பிப்ரவரி முதல் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச் சாவடிகளில் அது கட்டாயமாக்கப்பட்டது. அதற்குள் பாட்டரி இல்லை. மாற்றுவதற்கு ஒன்றும் இல்லை. ஆண்டுக்கணக்கில் வெயிலில் காய்ந்தாலும் சாவடியில் தன் எண்ணைச் சொல்கிறது. எப்படிச் சொல்கிறது?

கிராமத்துச் சிறுவன் ஒருவன் கையில் முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்துக்கொண்டு, ஏரிக்கரையில் நின்று, எதிர்க்கரையில் இருப்பவர் முகத்தில் வெயிலைப் பாய்ச்சி விளையாடுவதைப் பார்த்திருப்பீர்கள். அவனிடம் விளக்கு இல்லை, வெளிச்சம் சூரியனுடையது. அவன் செய்வதெல்லாம் கண்ணாடியைத் திருப்புவதும் மறைப்பதுமே. மூன்று முறை மின்னினால் ஒரு பொருள், இரண்டு முறை மின்னினால் வேறொரு பொருள் என்று தோழனோடு பேசி வைத்துக்கொண்டால், விளக்கில்லாமலே செய்தி அனுப்பிவிடுவான். வில்லையும் இதையே செய்கிறது. படிப்பான் என்ற கருவி வானொலி அலையைப் பாய்ச்சுகிறது. வில்லையில் இருக்கும் மெல்லிய உலோக வரி, அதாவது ஆன்டெனா, அந்த அலையை வாங்குகிறது. வாங்கியதில் ஒரு சிறு பகுதியைக் கொண்டு, கடுகிலும் சிறிய ஒரு சில்லு விழித்துக்கொள்கிறது. விழித்த சில்லு, ஆன்டெனாவை மாற்றி மாற்றித் திறந்து மூடி, தன் எண்ணைப் படிப்பானுக்கே திருப்பி மின்ன வைக்கிறது. இந்தக் காலத்துச் சில்லு விழிப்பதற்கு ஒரு வாட்டில் லட்சத்தில் ஒரு பங்கு ஆற்றலே போதும் என்பது வியப்புக்குரியது. நம் நாட்டில் இதற்கென 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசை ஒதுக்கப்பட்டிருக்கிறது. விதித்த வலிமைக்குள் இயங்கும் படிப்பானுக்கு 2005 முதல் தனி உரிமம் வேண்டியதில்லை.

இந்த யுக்தி புதியதும் அன்று. 1945-இல் மாஸ்கோவில் சோவியத் சிறுவர்கள் அமெரிக்கத் தூதருக்கு மரத்தில் செதுக்கிய ஓர் அழகிய இலச்சினையைப் பரிசளித்தார்கள். தூதர் அதைத் தம் அறையில் மாட்டிக்கொண்டார். அதற்குள் பாட்டரியும் கம்பியும் இல்லாத ஓர் ஒட்டுக்கேட்கும் கருவி இருந்தது. வெளியிலிருந்து அலையைப் பாய்ச்சினால் அறையில் பேசியதை அது திருப்பி மின்னும். 1952 வரையில் அதை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. ஒட்டுக்கேட்கப் பிறந்த சாதனம் இன்று அரிசி மூட்டைக்குக் காவல் இருக்கலாமா என்று நாம் ஆராய்கிறோம்!

இனி ஈரத்துக்கு வருவோம். மழைக்காலத்தில் பறையடிக்கும் கலைஞர் முதலில் சுள்ளி மூட்டித் தோலைக் காய்ச்சிக்கொள்வது ஏன்? ஈரம் இழுத்த தோலின் சுருதி இறங்கிவிடும். அடித்தால் பொத்தென்று ஒலிக்கும். காய்ந்தால் கணீரென்று ஏறும். ஆன்டெனாவும் ஒரு சுருதிக்குக் கூட்டப்பட்ட கருவியே. சுற்றிலும் உலர்ந்த காற்றோ உலர்ந்த தானியமோ இருக்கும்போது அது தன் அலைவரிசையில் நன்றாக ஒலிக்கும்படி அமைத்திருக்கிறார்கள். அருகில் நீர் வந்தால் சுருதி இறங்குகிறது. மின் புலத்தைத் தன்னுள் தேக்கிக்கொள்ளும் தன்மை நீருக்கு மிகவும் அதிகம்; வெற்று வெளியை 1 என்று வைத்தால் உலர்ந்த நெல்லுக்கு 2 முதல் 4 வரையில்தான் வரும், நீருக்கோ ஏறக்குறைய 80. ஆகையால் சிறிதளவு ஈரமும் ஆன்டெனாவுக்கு உடனே தெரிந்துவிடுகிறது. கொள்முதல் நிலையத்து ஈரமானிகளிற் பலவும் நீரின் இதே குணத்தை நம்பித்தான் வேலை செய்கின்றன.

இப்படி இறங்கிய சுருதியைச் செய்தியாக்குவதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. முதல் வழியில், சில்லு தன் சுருதியைத் தானே மீண்டும் கூட்டிக்கொள்கிறது. எவ்வளவு கூட்ட நேர்ந்தது என்பதை ஓர் எண்ணாகப் படிப்பானுக்குச் சொல்கிறது. அமெரிக்காவில் ஆர்.எப். மைக்ரான் என்ற கம்பெனி செய்த மேக்னஸ் என்னும் சில்லு இவ்வகையைச் சேர்ந்தது. கார்த் தொழிற்சாலைகளில் இத்தகைய வில்லைகளை வண்டிக்குள் ஒட்டிவிட்டு, வண்டியின்மேல் தண்ணீரைப் பீய்ச்சி, எந்த இடத்தில் கசிந்தது என்று இருக்கையைக் கழற்றாமலே கண்டுகொள்கிறார்கள். இரண்டாம் வழியில், நீரை உறிஞ்சி உப்பும் ஒரு பசைப் பொருளை ஆன்டெனாவோடு சேர்த்து வைக்கிறார்கள். 2020-ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் குழந்தைகளின் அணையாடைக்குள் இவ்விதமான வில்லை ஒன்றை வைத்து, குழந்தை நனைத்ததும் தாய்க்குச் செய்தி போகுமாறு செய்து காட்டினார்கள். அந்த வில்லையின் அடக்கவிலை 2 சென்ட்டுக்கும் குறைவு என்று அவர்கள் தெரிவித்தனர்.

காருக்கும் குழந்தைக்கும் ஆகிறது, நெல்லுக்கு ஏன் ஆகாது என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் நிதானம் வேண்டும். காரிலும் அணையாடையிலும் கேள்வி ஒன்றுதான்: நனைந்ததா, இல்லையா? நெல்லில் நாம் கேட்பது 17-ஆ, 19-ஆ என்பது. முதற் கேள்விக்கு வில்லை நன்றாக விடை சொல்லும். இரண்டாம் கேள்விக்கு அதனால் விடை சொல்ல இயலாது. வில்லையின் சுருதி ஈரத்தால் மட்டும் மாறுவதன்று; மூட்டையில் நெல் இறுகியிருப்பதா தளர்ந்திருப்பதா, அன்றைய வெப்பம் என்ன, வில்லை சாக்கோடு ஒட்டியிருக்கிறதா விலகியிருக்கிறதா என்பனவற்றாலும் மாறும். இரண்டு சதவீத வேறுபாடு இவற்றுக்கு நடுவே மறைந்துவிடும். எனவே, வில்லையை ஒட்டிக்கொண்டு போனால் கொள்முதல் நிலையத்தில் தகராறு இராது என்று எவரேனும் விற்க வந்தால், பஞ்சாயத்து அங்கத்தினர்கள் அதை நம்பிப் பொதுப்பணத்தைச் செலவிட வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்லுகிறோம். வில்லை காவற்காரன், தராசு அன்று.

இதை வெறும் ஏட்டுப் படிப்பாக விட்டுவிடாமல், அண்ணாச்சியின் கடையிலேயே சோதித்துப் பார்த்தோம். ராயப்பேட்டைக்கு அருகிலுள்ள ரிச்சி தெருவில் மின்னணுப் பொருள்கள் எல்லாம் கிடைக்கும் என்பதைச் சென்னை போய் வந்தவர்கள் அறிவார்கள். அங்கே சரக்குக் கணக்குக்குப் பயன்படும் சாதாரண வில்லைகள் பத்து வாங்கினோம். துணிக்கடை ஒன்றில் வேலை பார்க்கும் நண்பரிடம் கைப்படிப்பான் ஒன்றை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இரவல் பெற்றோம். இவை ஈரத்தை எண்ணாகச் சொல்லும் வில்லைகள் அல்ல. தம் எண்ணை மட்டும் சொல்பவை. ஈரம் பட்டால் இவற்றின் குரல் மங்கும் என்பதே எங்கள் எதிர்பார்ப்பு.

உலர்ந்த மூட்டைகளின் வெளிப்புறத்தில் ஒட்டியவை, கடை வாசலில் ஆறேழு அடி தூரத்தில் நின்றபோதே பதில் கூறின. நனைத்துப் பிழிந்த கோணி ஒன்றை ஒரு வில்லையின்மேல் போர்த்தினோம். உடனே அது மௌனமாயிற்று. படிப்பானைச் சாண் தூரத்துக்குக் கொண்டுபோன பிறகுதான் மெலிதாக ஒருமுறை பேசியது. அண்ணாச்சிக்கு ஒரே மகிழ்ச்சி. ஆனால் மற்றொரு வில்லையும் பேசவில்லை. அந்த மூட்டையைத் தடவிப் பார்த்தோம், குத்தூசி போட்டோம், ஈரமே இல்லை. பத்து நிமிடம் திகைத்து நின்றபின் புரிந்தது: மூட்டைக்கு முன்னால் எண்ணெய்த் தகரங்கள் இரண்டு இருந்தன. தகரத்தை நகர்த்தியதும் வில்லை பேசிற்று. உலோகம் வானொலி அலையைத் தடுத்துவிடும் என்பது பள்ளிப் பாடம்; கடைக்குள் நிற்கும்போது அது நினைவுக்கு வரவில்லை.

இந்தச் சிறு சோதனையில் ஒரு பெரிய இடர்ப்பாடு தெரிந்தது. வில்லை மௌனமாக இருந்தால் அதற்கு ஈரம் காரணமாக இருக்கலாம், தகரம் காரணமாக இருக்கலாம், வில்லை கிழிந்திருக்கலாம், படிப்பானைப் பிடித்த கோணம் தவறாக இருக்கலாம். ஊமையாக நிற்பவனிடம் காரணம் கேட்க முடியாது. எண்ணாகச் சொல்லும் சில்லு உள்ள வில்லை இவ்விஷயத்தில் மேலானது. அது மங்குவதற்கு முன் எச்சரிக்கிறது. அதுவும் அடுக்கின் உள்ளே மாட்டிக்கொண்டால் மௌனந்தான். ஏனெனில், நீர் ஆன்டெனாவின் சுருதியை இறக்குவதோடு நில்லாமல் அலையையே விழுங்கிவிடுகிறது. ஈர மூட்டைகளுக்குப் பின்னால் இருக்கும் வில்லையைத் தேடுவது, கலங்கல் நீரில் காசைத் தேடுவது போன்றது.

இதற்கு எளிய பரிகாரம் ஒன்று உண்டு. அடுக்கின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு வில்லையை, மெழுகுத்தாள் உறையில் மூடி, தரைக்கு மேலே நெஞ்சளவு உயரத்தில், ஈரம் எட்டாத இடத்தில் கட்டிவிட வேண்டும். இதைச் சாட்சி வில்லை என்று சொல்லலாம். கணக்கெடுக்கும்போது சாட்சி பேசி, அதன் அருகிலிருக்கும் அடி மூட்டையின் வில்லை பேசவில்லை என்றால் ஈரத்தைச் சந்தேகிக்கலாம். சாட்சியும் பேசவில்லை என்றால் படிப்பானையோ குறுக்கே நிற்கும் பொருளையோ சந்தேகிக்க வேண்டும். வில்லைகளை அடித்தட்டு மூட்டைகளின் வெளிமுகத்திலும், சுவரோர மூட்டைகளிலும், தார்ப்பாய் ஓட்டை விழக்கூடிய மேல் மூலைகளிலும் கட்டுவதே போதுமானது. மூட்டைக்கு ஒன்று என்று கட்டுவது வீண். ஈரம் வரும் வழிகள் தரை, சுவர், கூரை என்ற மூன்றே. காவலை அந்த வழிகளில் நிறுத்தினால் போதும்.

இத்தகைய காவல் எங்கெங்கே தகும்? விதை நெல் வைத்திருக்கும் இடத்தை முதலில் சொல்ல வேண்டும். உண்ணும் நெல் சிறிது கெட்டால் விலை குறையும். விதை கெட்டால் முளைப்பே குறைந்து அடுத்த போகம் போய்விடும். வைக்கோற் புரியால் இறுகக் கட்டிய விதைக்கோட்டைக்குள் முன்னோர் விதையைக் காத்தது ஈரம் புகாமல் இருக்கத்தான். இன்று பிளாஸ்டிக் சாக்கில் வைக்கிறோம். அதற்குள் புகுந்த ஈரம் வெளியே போவதும் கடினம். அடுத்தபடியாக, திறந்தவெளிக் கிடங்குகளில் கல் மேடைமேல் அடுக்கித் தார்ப்பாய் போர்த்தும் நெல்லுக்கு இது பெரிதும் உதவக்கூடும். ஒரு மழைக்குப் பின் எந்த அடுக்கில் நீர் புகுந்தது என்று தெரிந்தால், அந்த ஒன்றை மட்டும் பிரித்துக் காயவைக்கலாம். தெரியாததால் எல்லாவற்றையும் பிரிப்பதோ, அதற்கு அஞ்சி ஒன்றையுமே பிரிக்காமல் விடுவதோ தான் இப்போது நடக்கிறது. சத்துணவுக் கூடத்தில் அரிசி வைத்திருக்கும் அறைக்கும் இது பொருந்தும்.

வயலின் ஈரத்தை அறிவதற்கு இவ்வில்லைகளைப் புதைக்கலாமா என்று சிலர் கேட்கின்றனர். வேண்டாம் என்பதே நமது அபிப்பிராயம். ஈர மண் அலையை விழுங்கும். உழவின்போது வில்லை எங்கே போயிற்று என்றே தெரியாது. அதற்குக் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தார் உருவாக்கிய மண் ஈரங்காட்டி இருக்கிறது. மண்ணில் குத்தினால் வண்ண விளக்குகளால் நீர் பாய்ச்ச வேண்டுமா, வேண்டாமா என்று காட்டும். அதற்குப் பாட்டரி வேண்டுந்தான். கையில் எடுத்துப் போகும் கருவிக்குப் பாட்டரி ஒரு தொல்லை அன்று. ஆறு மாதம் இருட்டில் மூட்டைக்கடியில் கிடக்க வேண்டிய கருவிக்கே அது தொல்லை.

செலவைப் பற்றியும் கூற வேண்டும். சாதாரண வில்லை சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஈரத்தை எண்ணாகச் சொல்லும் வில்லையின் விலை அதைவிடப் பன்மடங்கு. படிப்பானுக்கோ பல ஆயிரம் ரூபாய் ஆகும். ஆகவே ஒவ்வொரு பஞ்சாயத்தும் ஒரு படிப்பானை வாங்குவது தகாது. ஒன்றியத்துக்கு ஒன்றோ, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்கள் சில சேர்ந்து ஒன்றோ வைத்துக்கொண்டு, வாரம் ஒரு நாள் கிடங்குக்குக் கிடங்கு கொண்டுசெல்வதே முறை. அதற்கும் முன்பாகச் செய்ய வேண்டியவை உள்ளன. களம் சிமெண்டு போட்டதாக இருக்கிறதா, மூட்டைக்கடியில் பலகை இருக்கிறதா, அடுக்குக்கும் சுவருக்கும் இடையே ஆள் நுழையும் இடைவெளி இருக்கிறதா, தார்ப்பாயில் கிழிசல் இல்லையா என்று பார்த்து, இல்லாதவற்றுக்குப் பணம் ஒதுக்கிய பின்னரே வில்லையைப் பற்றி யோசிக்க வேண்டும். அண்ணாச்சி வில்லை எதையும் வாங்கவில்லை. பலகையை ஒரு முழம் உயர்த்தினார். சுவரோரம் இரண்டடி விட்டு அடுக்கினார். அவருடைய கடைக்கு அதுவே சரி. எட்டிப் பார்க்கக்கூடிய சிறு இடத்துக்குக் காவற்காரன் எதற்கு? ஆயிரக்கணக்கான சிப்பங்கள் அடுக்கிய கிடங்கில்தான் கண் எட்டாத இடங்கள் உண்டு.

செய்து பார்க்க விரும்பும் சங்கங்களுக்கு ஒரு யோசனை. மழைக்காலத்துக்கு முன் ஓர் அடுக்கைத் தேர்ந்து, பன்னிரண்டு வில்லைகளை மேலே சொன்ன இடங்களில் கட்டுக. எண்களையும் இடங்களையும் ஒரு பதிவேட்டில் வரைபடத்தோடு குறித்துக்கொள்க. வாரந்தோறும் ஒரே இடத்தில் நின்று, ஒரே உயரத்தில் படிப்பானைப் பிடித்து, எவை பேசின, எவை பேசவில்லை என்று எழுதுக. பேசாத வில்லைக்குரிய சிப்பத்தை அன்றே வெளியே எடுத்து, மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில் குத்தூசியால் நெல் எடுத்து, ஈரமானியில் தனித்தனியே அளந்து, அந்த எண்களையும் பக்கத்திலேயே எழுதுக. பேசிய சிப்பங்களிலும் ஒன்றிரண்டை அவ்வாறே அளக்க வேண்டும். காவற்காரன் கோட்டைவிட்டானா என்பது அதில்தான் தெரியும். ஒரு பருவ முடிவில் அந்தப் பதிவேட்டைக் கொண்டு, இச்செலவு தகுமா என்பதைச் சங்கத்தாரே முடிவு செய்யலாம்.

ஒன்றை மட்டும் மறக்கலாகாது. வில்லைகளை எக்காரணம் கொண்டும் நெல்லுக்குள்ளே போடக் கூடாது. சாக்கின் வெளிப்புறத்தில் சணல் கயிற்றால் கட்ட வேண்டும். லாரியில் ஏற்றுமுன் அவற்றைக் கழற்றி எண்ண வேண்டும். பன்னிரண்டு கட்டினால் பன்னிரண்டும் கைக்கு வர வேண்டும். ஒன்று குறைந்தால், நெல்லோடு அது ஆலைக்குப் போகுமுன் தேடி எடுத்த பின்னரே லாரியை அனுப்புவது முறை.